ஊசிக்குருவியும் ஃப்ரிட்ஜ் கதவும்

பாம்புக்காது என்று பட்டப்பெயர் வைத்தால் யாருக்கும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். அவளுக்கு மட்டும் இல்லை. ஆராய்ச்சி நிலையத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெயர் கேட்டால் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, "ஆனா அந்தப் பேரைச் சொன்னா இங்க யாருக்கும் தெரியாது. பாம்புக்காதுன்னு கேளுங்க" என்று தானாகவே சேர்த்துச் சொல்லுவாள். சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு பூரிப்பு வரும் பாருங்கள், பரிசு வாங்கினவர்கள் முகமெல்லாம் கெட்டது போங்கள்.

அந்தக் காது இன்று நேற்று பேர் வாங்கியதில்லை. காட்டுப் பக்கம் வருவதற்கு முன்னால் அவள் ஒரு டாக்ஸி கம்பெனியில் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் இல்லாத அறை, தலையில் மாட்டிய ஃபோன், நாள் முழுக்க யாராவது எங்கிருந்தாவது கத்திக்கொண்டே இருப்பார்கள். டிரைவர் வாயைத் திறக்க வேண்டாம், இருமினால் போதும், எந்த வண்டி என்று சொல்லிவிடுவாள். "இதோ வந்துக்கிட்டே இருக்கேன் மேடம்" என்று ஒருவன் புளுகினால், "வண்டி எங்கய்யா வருது? டம்ளரை வைக்கிற சத்தம்ல கேக்குது. டீயைக் குடிச்சிட்டு மெதுவா வா" என்பாள். டிரைவர்கள் நடுங்கினார்கள். பட்டப்பெயர் வைத்ததும் அவர்கள்தான். அப்புறம் எல்லாம் செல்ஃபோனிலேயே ஆகிவிட்டது. கம்பெனிக்காரர் ஃபோன் அறையைப் பூட்டிவிட்டு, "உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க மாட்டாங்க" என்று பாராட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பாராட்டும் வேலைநீக்கமும் ஒரே மூச்சில் வருவது உலகத்தில் புதிதா என்ன?

ஊருக்கு வெளியே, மழைக்காடு தொடங்கும் இடத்தில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஃபோன் எடுக்கவும் தபால் பிரிக்கவும் ஆள் தேடினார்கள். போய்ச் சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளில், நிலையத்துத் தலைவியான ஆராய்ச்சி மேடம் வராந்தாவில் நின்று விருந்தாளிகளுக்கு, "அதோ, ஒரு தேன்சிட்டு பாடுது" என்று காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே தபால் பிரித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, "ரெண்டு மேடம். ஒண்ணுக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு" என்றாள். விருந்தாளிகள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார். அன்றைக்கு ஃபோனை வைத்தவள்தான்; தபாலும் வேறு ஆளிடம் போயிற்று. அப்போதிருந்து பத்துப் பதினைந்து வருஷமாக, ஆற்றோரப் பாதை என்று நிலையத்தில் சொல்கிற அந்த ஒற்றையடிப் பாதை அவள் பொறுப்பு.

என்ன வேலை என்று கேட்டால் அவள் நாத்தனார் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள்: "வேடிக்கை பாக்கிறது." அப்படியே விட்டுவிட முடியுமா? மழைக்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் முதல் நாள் ஏமாந்துபோவார்கள். நின்று நின்று கால் கடுத்ததுதான் மிச்சம், ஒரு சிறகுகூடக் கண்ணில் படாது. இலை, அதன் பின்னால் இன்னொரு இலை, கணுக்காலில் அட்டை. 'என்ன காடு இது, ஒரு காக்காய்கூட இல்லையே' என்று அலுத்துக்கொண்டு திரும்ப நினைக்கிற நேரம் பார்த்து, தலைக்கு மேலே மரமெல்லாம் கலகலவென்று ஆகும். பல வகைப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே திசையில், தின்றுகொண்டும் திட்டிக்கொண்டும் வரும். நிலையத்தில் இதற்கு வைத்த பெயர் ஜமா.

ஜமாவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. சிலம்பன்கள் கீழே புதரைப் புரட்டிப் போட்டுக்கொண்டு வரும். அதில் கிளம்புகிற பூச்சியை மின்சிட்டுகள் மேலே லபக்கென்று பிடிக்கும். மரங்கொத்தி யாரையும் கண்டுகொள்ளாமல் தன்பாட்டுக்குத் தட்டும். கரிச்சான் உச்சிக் கிளையில் காவல் உட்கார்ந்து, வல்லூறு வந்தால் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டும். வராவிட்டாலும் சில சமயம் கூச்சல் போட்டு, எல்லாரும் பதறி ஓடும்போது அடுத்தவன் பூச்சியைத் தட்டிக்கொள்ளும். அதுவும் ஒரு பிழைப்பு. எல்லாவற்றுக்கும் நடுவில் கட்டைவிரல் அளவில் ஒரு பச்சைக் குருவி இலைக்கு இலை தாவும். புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. குரல் ஊசி மாதிரி சன்னமாக இருப்பதால் இவர்கள் வைத்த பெயர் ஊசிக்குருவி. வாய் ஓயாமல் கத்திக்கொண்டே போகும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஜமாவே சிதறாமல் நகரும் என்பது மேடத்தின் முடிவு.

காட்டில் உள்ள பறவைகளை ஒவ்வொன்றாகத் தேடி எண்ண ஒரு ஆயுசு போதாது. ஜமாவில் யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டே வந்தால் காட்டின் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதிலும் கண்ணால் பார்த்துச் சொல்வது கொஞ்சம்தான். முக்கால்வாசி காதால் கேட்டுச் சொல்வது. பாம்புக்காது கண்ணை மூடிக்கொண்டு நின்றே ஜமாவில் ஒருவர் விடாமல் சொல்லிவிடுவாள். அவள் காது சொன்னால் நிலையத்தில் அதற்கு அப்பீல் கிடையாது.

வீட்டில்தான் அந்தக் காதுக்கு மரியாதை இல்லை.

வீடு என்றால் ஒரு சந்துக்குள் மூன்று அறை. முன்னறை வீட்டுக்காரருடைய தையல்கடை. ஜன்னலோரம் மெஷின், சுவரெல்லாம் தொங்குகிற சட்டைகள். அவர் நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். தூரத்தில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரியும், ஊசியின் காதுதான் தெரியாது. கண்ணாடி போட்டும் சரிப்படவில்லை. அதனால் தினமும் காட்டுக்குப் புறப்படுவதற்கு முன்னால் அவள் ஊசிகளில் வேறு வேறு நிறத்தில் நூல் கோத்து, மெஷின் பக்கத்தில் இருக்கும் பஞ்சுப் பொட்டலத்தில் குத்தி வைத்துவிட்டுப் போவாள். "இந்தாங்க, உங்க கண்ணுங்க எல்லாத்தையும் குத்தி வச்சிருக்கேன்" என்பாள். அவர் சிரித்துக்கொள்வார்.

இரண்டாவது அறை நாத்தனாருடையது. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை. கல்யாணமே வேண்டாம் என்று தீர்மானமாக இருந்துவிட்டவள். அந்தப் பாசத்தையெல்லாம் சேர்த்து ஒரு ஃப்ரிட்ஜின் மேல் வைத்திருந்தாள். அவளே போய்ப் பொறுக்கி எடுத்து வாங்கிய ஃப்ரிட்ஜ். கதவு சரியாக மூடாவிட்டால் கீ கீ என்று சன்னமாகக் கத்தும். அதுதான் வீட்டில் தினசரிச் சண்டைக்கு விதை.

"அண்ணி! ஃப்ரிட்ஜ் கத்துது!"

"எங்க கத்துது?"

"கத்திக்கிட்டே இருக்கு அண்ணி. நீங்கதான் பால் எடுத்தீங்க, மூடலை."

"எனக்குக் கேக்காதது உனக்குக் கேக்குதா? யாருக்கு காது குத்துற? டாக்ஸிக்காரன் இருமினாலே வண்டியைச் சொன்னவடி நான்!"

"அப்ப நான் பொய் சொல்றேனா? அண்ணா, நீயே சொல்லு. கத்துதா இல்லையா?"

வீட்டுக்காரர் இந்த இடத்தில் மெஷினை நாலு மிதி மிதிப்பார். "மெஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலைம்மா." தைக்கத் துணியே இல்லாமல் ஊசி மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பொண்டாட்டிக்கும் தங்கைக்கும் நடுவில் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் வேறு வழி என்ன?

பால் கெட்டது. ஐஸ்கிரீம் உருகி ஓடியது. வாஷிங் மெஷினும் துவைத்து முடித்ததும் சத்தம் போடுகிறதாம், அண்ணி துணியை எடுக்காமல் ஊற விடுகிறாளாம். எல்லாம் நாத்தனார் ஜோடிக்கிற குற்றச்சாட்டு என்றுதான் பாம்புக்காது நினைத்தாள். "வீட்டுல இருக்கிற பொருளெல்லாம் என்னைப் பத்தி உன்கிட்டதான் கோள் சொல்லுதா?" என்று கேட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவாள்.

அங்கே வேறு ஒரு கவலை அவளைத் தின்றுகொண்டிருந்தது. ஆற்றோரப் பாதையில் ஊசிக்குருவி குறைந்துகொண்டே வந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கொஞ்சம் குறைவு. போன வருஷம் எப்போதாவது ஒன்று. இந்த வருஷம் சுத்தமாக இல்லை. ஜமா வரும், சிலம்பன் இருக்கும், மின்சிட்டு இருக்கும், கரிச்சான் வழக்கம்போல் அயோக்கியத்தனம் பண்ணும். ஊசிக்குருவியின் குரல் மட்டும் இருக்காது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்று நின்று கேட்பாள். ஜமா போன பிறகும் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிப்போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். ஒன்றும் இருக்காது.

"அந்த ரோடு போட்டதிலிருந்து பிடிச்ச சனியன்" என்று வீட்டுக்கு வந்து புலம்புவாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு ரோடு வந்திருந்தது. "நான் பாத்து வந்த குருவிங்க. எங்க போய்ச் செத்துச்சோ தெரியலை." சில நாள் சாப்பிடாமலே படுத்துவிடுவாள். நாத்தனார்கூட அன்றைக்கு ஃப்ரிட்ஜ் பேச்சை எடுக்கமாட்டாள்.

நிலையத்தின் மற்ற பாதைகளில் நடக்கிறவர்கள் ஊசிக்குருவி நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்கள். அப்படியானால் ஆற்றோரத்துக்குத்தான் கேடு. மேடம் அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்; வனத்துறை அதை வைத்துத்தான் பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு எல்லைக்கல் நடப் போகிறது. உருப்படியான காடு கல்லுக்கு உள்ளே. கெட்டுப்போன காடு வெளியே. வெளியே போனால் அப்புறம் மரம் வெட்டுகிறவனும் மனை போடுகிறவனும் பார்த்துக்கொள்வார்கள்.

"ஆற்றோரத்தை வெளியில விடத்தான் வேண்டியிருக்கும் அக்கா" என்றார் மேடம். வயதில் இளையவர், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "இருக்கிறதுல நல்லதைக் காப்பாத்தணும்னா ஊசிக்குருவி இல்லாத இடத்துக்காக சண்டை போட முடியாது. வெள்ளிக்கிழமை அறிக்கை போகுது."

அந்தப் பாதையில் எந்த வேர் தடுக்கும், எந்தக் கல் வழுக்கும் என்று பாம்புக்காதின் காலுக்கே தெரியும். "இன்னொரு தடவை பாத்துட்டு வந்துடறேன் மேடம்" என்றாள்.

"பாருங்க. தனியாப் போகாதீங்க, யாரையாவது கூட்டிக்கிட்டுப் போங்க. ரெண்டு கண்ணுக்கு நாலு கண்ணு."

யாரைக் கூட்டிக்கொண்டு போவது? மற்றவர்களெல்லாம் அவரவர் பாதையில் இருந்தார்கள். பல் ஆஸ்பத்திரியில் சுவருக்கு வர்ணம் அடிப்பதால் விடுமுறை. வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது யார்? நாத்தனார்தான்.

"நானா? காட்டுக்கா? அட்டை கடிக்குமே!"

"கடிச்சா கடிக்கட்டும். உன்கிட்ட ரத்தம் நிறையவே இருக்கு, தினம் என்கிட்ட கொதிக்கிறியே. வாடி, ஒரு நாள் வந்து பாரு, நான் வேடிக்கை பாக்கிற லட்சணத்தை."

மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியவளை நிறுத்தி, அண்ணனின் அழுக்குப் பச்சைச் சட்டையை மாட்டிவிட்டு, விடியும் நேரத்தில் இழுத்துக்கொண்டு போனாள். நாத்தனார் வழியெல்லாம் பேசினாள். செருப்பு நனைகிறது, ஏதோ ஊர்கிறது, இந்த வேலைக்கு டோக்கன் கொடுக்கிறதே மேல் என்று. பெரிய மரத்தடி வந்ததும் பாம்புக்காது திரும்பி உதட்டில் விரலை வைத்தாள். "இனிமே மூச். மூச்சு விட்டாக்கூட மெதுவா விடு." அதிசயம், நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள்.

நின்றார்கள். இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தூரத்தில் புதர் சலசலக்க, சிலம்பன் ஒன்று திட்டத் தொடங்க, ஜமா வந்தது. பாம்புக்காது கண்ணை மூடிக்கொண்டாள். சிலம்பன், மின்சிட்டு, மரங்கொத்தி, கரிச்சான். ஒவ்வொருவராக உள்ளே வரவிட்டு, அந்த ஒரு குரலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ஜமா தலைக்கு மேலேயே வந்துவிட்டது. வரவேயில்லை. முடிந்தது, இனி ஆற்றோரம் கல்லுக்கு வெளியே என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது நாத்தனார் முழங்கையால் இடித்தாள்.

"அண்ணி" என்றாள் ரகசியமாக. "காட்டுக்குள்ள யாரு ஃப்ரிட்ஜைத் திறந்து வச்சது?"

"என்னடி உளர்ற?"

"நம்ம ஃப்ரிட்ஜ் மாதிரியே கத்துது அண்ணி. கீ கீன்னு. அதோ, அந்தக் கிளையில. ஒண்ணு இல்ல, நாலஞ்சு இருக்கு. நிறுத்தாம கத்துது, உங்களுக்குக் கேக்கலையா?"

பாம்புக்காது கண்ணைத் திறந்தாள். நாத்தனார் காட்டிய திசையில் பைனாகுலரைத் தூக்கினாள். இலை, அதன் பின்னால் இன்னொரு இலை, அதன் ஓரத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு பச்சைக் குருவி. ஊசிக்குருவி. பக்கத்தில் இன்னொன்று. இன்னும் ஒன்று. அலகைத் திறந்து திறந்து மூடுகிறது. தொண்டைப் பக்கத்து இறகெல்லாம் துடிக்கிறது. உடம்பு முழுவதையும் குலுக்கிக்கொண்டு கத்துகிறது. அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

இலையில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. நாத்தனார் மூச்சு விடுவது கேட்டது. ஆற்றின் இரைச்சல் கேட்டது. குருவி மட்டும் கண்ணுக்கு எதிரே ஊமையாகக் கத்திக்கொண்டிருந்தது. அவள் அப்படியே வேரின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அண்ணி? அட்டையா?"

"இல்லைடி" என்றாள். "ஃப்ரிட்ஜ் நிஜமாவே கத்துச்சா? தினமும்?"

நாத்தனாருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சண்டையில் ஜெயித்திருந்தாள், அது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அண்ணியின் கணுக்காலில் இருந்த அட்டையைக் கிள்ளி எறிந்தாள். அட்டையென்றால் அலறுகிற பெண்.

திரும்பி வரும்போது அவளே ஒரு யோசனை சொன்னாள். "இதுல அழறதுக்கு என்ன இருக்கு? குருவி இருக்கா? இருக்கு. நீங்க பாத்தீங்களா? பாத்தீங்க. 'ஊசிக்குருவி திரும்ப வந்துடுச்சு மேடம்'னு சொல்லிட்டுப் போங்க. காடும் பொழைச்சது, உங்க வேலையும் பொழைச்சது. காது விஷயம் யாருக்குத் தெரியப்போகுது? நான் வாயைத் திறந்தா கேளுங்க."

நாத்தனார் ஒரு விஷயத்தை வெளியே சொல்லாமல் இருப்பேன் என்று வாக்குக் கொடுப்பதே பெரிய தியாகம். யோசனையும் மோசமில்லை. பாம்புக்காது வழியெல்லாம் அதை மென்றுகொண்டே வந்தாள். வந்துவிட்டது என்று சொன்னால் போதும். பட்டப்பெயர் மிஞ்சும், பாதை மிஞ்சும், நாளைக் காலையில் வழக்கம்போலப் போய் அதே மரத்தடியில் நிற்கலாம். நின்று என்ன கேட்பது என்பதுதான் விளங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஊசியை நீட்டினார். பஞ்சுப் பொட்டலத்தில் கறுப்பு நூல் தீர்ந்திருந்தது. அவள் கோத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"மூணு வருஷமா குறையுது, இல்லைன்னு சொன்னேங்க. அது என் முன்னாடியே கத்திக்கிட்டு இருந்திருக்கு. என்கிட்ட இருந்த ஒண்ணே ஒண்ணு இந்தக் காது. அதுவும் போச்சுன்னா நான் அங்க யாரு?"

அவர் தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குக் கண்ணு மங்கினப்ப நானும் யார்கிட்டயும் சொல்லலை. தடவித் தடவி நானே கோத்துக்கிட்டேன். அப்ப ஒருத்தர் கறுப்புச் சட்டை குடுத்திருந்தார். நீல நூல்ல பட்டன் தச்சுக் குடுத்துட்டேன். அவர் திருப்பிக் கொண்டாந்து மேஜையில போட்டார். மானம் போச்சு. அன்னைக்குத்தான் உன்கிட்ட ஊசியை நீட்டினேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"கண்ணு போன மனுஷான்னு சிரிச்ச. கோத்தும் குடுத்த."

அவள் ஊசியைப் பஞ்சில் குத்தினாள்.

"சட்டையா இருந்ததால அவர் திருப்பிக் கொண்டாந்தார்" என்றாள். "இந்த வருஷம் வந்துடுச்சுன்னு சொல்லிட்டா, அடுத்த வருஷம் எனக்குக் கேக்காது, மறுபடியும் போயிடுச்சுன்னுதான் சொல்லுவேன். அப்ப காட்டை வெளியில விட்டுட்டாங்கன்னா யாரு திருப்பிக் கொண்டாருவா?"

மறுநாள் காலையில் மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "குருவி போகலை மேடம். என் காதுதான் போயிடுச்சு." ஃப்ரிட்ஜ் கதை, வாஷிங் மெஷின் கதை, நாத்தனார் காட்டிய கிளை, எல்லாவற்றையும் சொன்னாள்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். முகம் சிவந்துவிட்டது. "மூணு வருஷக் கணக்கு அக்கா! ஆற்றோரத்துல ஊசிக்குருவி சம்பந்தப்பட்டது அத்தனையும் தூக்கிப் போடணும். எனக்கு உங்க மேல பயங்கரக் கோபம் வருது. அது நியாயமில்லைன்னும் தெரியுது, ஆனாலும் வருது."

"வரட்டும் மேடம். எனக்கே வருது."

மேடம் ஜன்னலருகே போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினார். "வருஷா வருஷம் பைனாகுலருக்கெல்லாம் சர்வீஸ் பண்றேன். காதுக்கும் வயசாகும்னு எனக்குத் தோணவே இல்லை பாருங்க. வயசானா கீச்சுக் குரல்தான் முதல்ல போகும், படிச்சிருக்கேன். உங்க காதைப் போய் யாரு சந்தேகப்படுவாங்க?" சொல்லிவிட்டு மேஜையில் இருந்த அறிக்கையை எடுத்து நடுவில் கிழித்தார்.

அன்றைக்கும் அதற்கு அடுத்த நாளும் மேடமே ஆற்றோரப் பாதையில் நடந்தார். ஊசிக்குருவி ஜமாவுக்கு ஜமா இருந்தது. ரோடு வந்தும் அது அசையவில்லை. வெள்ளிக்கிழமை போன புது அறிக்கையில் ஆற்றோரம் கல்லுக்கு உள்ளே இருந்தது.

பாம்புக்காதைக் காதுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காதில் ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பழைய டாக்ஸி அறை ஞாபகம் வந்து அவளுக்கே சிரிப்பாக இருந்தது. பேச்சுச் சத்தமெல்லாம் அட்சர சுத்தம். சத்தம் சன்னமாகி மேலே போகப் போக ஒன்றுமில்லை. கையில் பொத்தானை வைத்துக்கொண்டு, எதிரே இருந்த பெண் தலையசைக்கட்டும் என்று ரொம்ப நேரம் காத்திருந்தாள். அந்தப் பெண், "முடிஞ்சுதும்மா, அப்பவே முடிஞ்சுது" என்றாள்.

வேலை போகவில்லை. ஆனால் ஆற்றோரப் பாதைக்கு வேறு ஒரு காது வந்தது. அவள் இப்போது இன்னொருவருடன் ஜோடியாக, பைனாகுலரோடு நடக்கிறாள். "இனிமே ஒரு பாதைக்கு ரெண்டு பேர்" என்று மேடம் சட்டமே போட்டுவிட்டார். நிலையத்தில் பட்டப்பெயரை யாரும் மாற்றவில்லை. வராந்தாவில் யாரோ, "பாம்புக்காதக்கா, டீ வேணுமா?" என்று கேட்டபோது, முதல்முறையாக அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. டீயை வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சமையலறைக்குப் போனவள் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள். எடுத்தாள். மூடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் குளிர் அடிக்க, சும்மா நின்றாள். நாத்தனார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வழக்கமாக இந்நேரம் வீடு ரெண்டுபட்டிருக்கும்.

"கத்துதா?" என்று கேட்டாள் பாம்புக்காது, திரும்பாமலே.

"கத்துது அண்ணி."

"இன்னும் கத்துதா?"

"கத்திக்கிட்டே இருக்கு."

"அதே மாதிரியா?"

"அச்சு அசல் அதே மாதிரி."

முன்னறையில் மெஷின் நின்றுவிட்டது. பாம்புக்காது தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஜமா வரும்போது நிற்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அப்புறம் நினைவு வந்தவளாகக் கதவை மூடக் கை வைத்தாள். நாத்தனார் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் அண்ணி. பால் கெட்டா கெட்டுட்டுப் போகுது."